இயல் 4: வேலை எங்கே நின்றுபோகிறது? காரைக்காலில் அணுகல்தன்மை ஆய்வு செய்யும் மாணவருக்கு

அணுகல்தன்மையில் ஆய்வேடு எழுத வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு செயலியின் பெயரோடு வருகிறார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் செயலி, காது கேளாதவர்களின் சைகையைத் தமிழாக்கும் கையுறை, மீனவர்களுக்குக் குரல்வழிச் செய்தி. தலைப்பு முதல் ரிவியூவிலேயே கைடுக்குப் பிடித்துவிடும். கடைசிப் பருவத்தில் வெளித்தேர்வாளர் "யாரிடம் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்கும்போது, விடுதி நண்பர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பயன்படுத்திப் பார்த்த அட்டவணைதான் கையில் இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்ட மாணவனிடம் காணக்கிடைப்பது, திடீரென்று இருட்டில் விடப்பட்டவனின் தடுமாற்றம். பல வருடமாக, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வைத்துப் போன் பார்க்கிற ஒருவரின் விரல் வேகமோ, அத்தனை பழக்கம் இருந்தும் அவர் எந்தத் திரையில் மாட்டிக்கொள்கிறார் என்பதோ அதில் தெரியாது. அந்த அட்டவணையை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.

இந்த இயலில் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஆள். அடுத்து அவர் முடிக்க நினைக்கும் ஒரு வேலை. பிறகு, அந்த வேலை எந்தப் பொத்தானில் நின்றுபோகிறது என்ற கண்டறிதல். செயலி கட்டுவது அதற்கும் பிறகு. சில நல்ல ஆய்வேடுகளுக்குச் செயலியே தேவைப்படாது.

தலைப்பு எங்கிருந்து வரும்

வேலை நின்றுபோகும் இடம் எவ்வளவு பெரிய கேள்வியாக வளரும் என்பதற்கு அண்மைய உதாரணம் பிரக்யா பிரசூன் வழக்கு. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர் அவர். வங்கிக் கணக்கு தொடங்கும்போது, ஆள் நேரில் இருப்பதை உறுதிசெய்யக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது முறைமை. அவரால் சிமிட்ட முடியாது. வேலை அங்கேயே நின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கேஒய்சி நடைமுறையை எல்லோரும் செய்யக்கூடியதாக மாற்ற 20 ஆணைகள் பிறப்பித்தது. கண் சிமிட்டாதவர்கள் இருப்பார்கள் என்று வடிவமைத்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் வழக்கே வந்திருக்காது. ஆய்வு மாணவர் செய்ய வேண்டியது அந்த ஒரு நிமிட யோசனையைத்தான், ஆனால் ஆதாரங்களோடு.

காரைக்காலில் இப்படிப்பட்ட இடங்களைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது, மின் கட்டணம் கட்டுவது, மருத்துவமனைப் பதிவு, கல்லூரித் தேர்வு விண்ணப்பம், வங்கிச் செயலியில் பணம் அனுப்புவது, உதவித்தொகை வந்ததா என்று பார்ப்பது. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஒருவர் தொடங்கி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார்? எந்த இடத்தில் ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொல்ல வேண்டிவருகிறது? அந்த எண்ணை இன்னொருவரிடம் சொல்லித்தான் பணம் அனுப்ப முடியும் என்றால், அந்தச் செயலி அவரைப் பொறுத்தவரை பாதுகாப்பற்றது. அதை எழுதிக் காட்டினாலே ஒரு முழு அத்தியாயம் வரும்.

நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே நடந்த ஒரு முன்னோடிப் பணியை இந்தத் துறை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் சொன்னார்கள். கணினி மையத்துக்குள் இருந்தது. ஆனால் மீனவர் அறிந்த இடைமுகம் ஒலிபெருக்கிதான். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கருவி வாங்க வேண்டியதில்லை, வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சுனாமி எச்சரிக்கை சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கியில் அது அறிவிக்கப்பட்டு ஊரே கடற்கரையிலிருந்து வெளியேறியது. அதே காலையில் காரைக்காலின் கடலோரக் குப்பங்கள் நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தன.

இந்த நிகழ்வை வெற்றிக் கதையாக மட்டும் எழுதி நிறுத்தினால் ஆய்வு தொடங்காது. அந்த ஒலிபெருக்கியை யார் கேட்டிருக்க மாட்டார்? காது கேளாதவர். இன்று எச்சரிக்கை கைபேசிக்கு வருகிறது. 2023இல் நாடு முழுவதும் உரத்த ஒலியோடு சோதனைச் செய்திகள் அனுப்பினார்கள். அந்தச் செய்தியின் எழுத்தைப் பார்வையற்றவருடைய போன் தமிழில் வாசித்ததா? போன் வீட்டில் சார்ஜில் கிடக்க, கடலுக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ ஒரு தெருவில் இருக்கும் வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எச்சரிக்கையை எந்தப் புலன் வழியாக, யார் மூலமாக, எவ்வளவு தாமதத்தில் பெறுகிறார் என்று வரைந்து காட்டும் ஆய்வேடு, இன்னொரு எச்சரிக்கைச் செயலியைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லை ஒரு தெரு

காரைக்கால் சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் சிறு மாவட்டம். நிர்வாகம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில்; நிலப்பக்கம் எங்கும் தமிழ்நாடு. திருவேட்டக்குடியில் இருக்கும் புதுச்சேரி என்ஐடியிலிருந்து கிளம்பினால் சிறிது நேரத்தில் பொறையாறு வந்துவிடும், அரசு மாறிவிடும். தெற்கே போனால் நாகூர். பேச்சு ஒன்று, ஆற்றுநீர் ஒன்று, உறவுகள் இரண்டு பக்கமும். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவரின் உதவித்தொகை இந்தப் பக்கம் புதுச்சேரிச் சமூக நலத்துறையிலிருந்தும், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்தும் வருகிறது. படிவம் வேறு, இணையதளம் வேறு, நிபந்தனை வேறு.

அரசுச் சேவை சார்ந்த தலைப்பு எடுப்பவர், பங்கேற்பாளர் எந்த அரசின் கீழ் வருகிறார் என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டு "டெல்டா பயனர்கள்" என்று ஒரே பெயர் வைத்தால் முடிவுகள் எதற்கும் உதவாது. மாறாக, எல்லையின் இரு பக்கமும் ஒரே வகைக் குறைபாடு உள்ளவர்களை ஒரே மாதிரி வேலையைச் செய்யச் சொல்லி இரண்டு இணையதளங்களையும் ஒப்பிடலாம். மொழியும் பழக்கமும் படிப்பும் ஏறக்குறைய மாறாமல், இடைமுகம் மட்டும் மாறும் இப்படியொரு இடம் எந்த ஆய்வாளருக்கும் எளிதில் வாய்க்காது.

தமிழும் திரைவாசிப்பானும்

இந்தத் துறையின் நூல்கள் ஆங்கிலத் திரையை வைத்தே எழுதப்பட்டவை. தமிழில் வரும் சிக்கல்களை நாமேதான் ஆவணப்படுத்த வேண்டும். அதற்கு முதலில் கருவி கைவர வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கைத் தமிழில் இயக்கி, சில வாரங்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள். இருவருமே பார்வையற்றவர்கள். இந்தப் பழக்கம் உங்களைப் பார்வையற்றவராக ஆக்காது, ஆக்கவும் வேண்டாம். பங்கேற்பாளர் விரலை இருமுறை தட்டும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும், அவ்வளவு போதும்.

பிறகு கேளுங்கள். கேட்கக் கேட்கத் தலைப்புகள் தாமாக வரும். பக்கம் தமிழில் இருக்கும். அதன் நிரலில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிக்கொண்டு போய்விடும். திரையில் எல்லாமே இருக்கிறது, காதுக்கு எதுவுமே இல்லை. அரசு அறிவிக்கை பிடிஎஃப் ஆக இருக்கும். ஆனால் அது தாளை ஸ்கேன் செய்த படம், வாசிக்க எழுத்தே கிடையாது. இன்னும் மோசமானது பழைய எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முன் பரவிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஒலிக்கோவையாக வாசிக்கும். அப்படி எழுதப்பட்ட விண்ணப்பப் படிவங்கள் இன்னும் அலுவலகங்களில் சுற்றிக்கொண்டிருந்தால், அலுவலக ஆவணங்களைச் சேகரித்து, எத்தனை ஆவணம் வாசிக்கக்கூடியது, எத்தனை படம், எத்தனை பழைய எழுத்துரு என்று வகைப்படுத்துவதே எம்சிஏ மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய, உண்மையான பயன் தரும் வேலை.

பெயர் வைக்காத பொத்தான்கள் எல்லா மொழியிலும் உண்டு. தமிழில் கூடுதலாக ஒன்று நடக்கும். மேலே தெரியும் சொல் தமிழ், உள்ளே வைத்த பெயர் ஆங்கிலம். 'சமர்ப்பி' என்று எழுதியிருக்கும் பொத்தானைத் திரைவாசிப்பான் 'சப்மிட்' என்று சொன்னால் பலருக்குப் பரவாயில்லை. ஆங்கிலம் தெரியாத முதியவருக்கு அங்கே வழி தொலையும். எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ்ச் சொற்களின் நீளம் பொத்தானை மீறி வெட்டுப்படும். ரகசிய எண் வந்த குறுஞ்செய்தியைத் தேடிப் போய், இலக்கங்களைக் கேட்டு, நினைவில் வைத்துத் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனை பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தானியங்கிச் சோதனைக் கருவிகளை ஓட்டுங்கள், ஆனால் அவற்றின் மதிப்பெண்ணை முடிவாக எழுதாதீர்கள். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும். அந்தப் பெயர் ஆளுக்குப் புரிகிறதா என்று தெரியாது. குரல் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஈஸ்பீக் போன்ற இயந்திரக் குரல் உங்கள் காதுக்குக் கரகரப்பாக இருக்கலாம். மிக வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள் அதையே விரும்புவதுண்டு. அவரைக் கேட்காமல் இனிய குரலுக்கு மாற்றிவிட்டு அதை முன்னேற்றம் என்று எழுதக் கூடாது.

ஆட்களிடம் போவது

நேரம் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். வருமானமும் இருக்காது, ஆகவே அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுப்பது அப்போது இன்னும் அவசியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. களப்பணியை அந்த மாதங்களில் வைத்தால் பாதி நாள் வீணாகும். சம்பா அறுவடை நடக்கும் வாரங்களில் வயல்வேலைக் குடும்பங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். திருநள்ளாற்றில் ஆட்களைச் சந்திப்பதானால், கோயில் கூட்டம் சேரும் சனிக்கிழமை தவிர மற்ற நாள்.

மாற்றுத்திறனாளி என்ற சான்று இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பிலும் கயிற்றிலும் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்காமல் திரும்ப வேண்டியிருக்கும் மீனவர், வெள்ளெழுத்து வந்தபின் போன் திரையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும் விவசாயி, எண்களை மட்டும் அறிந்த கூடைக்காரப் பெண்மணி, எல்லோருமே இந்த ஆய்வின் ஆட்கள்தான். காது கேளாதவர்களிடம் போகும்போது, எழுதிக் காட்டினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சைகை மொழிபெயர்ப்பாளருக்கான செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒப்புதல் படிவம் நான்கு பக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது ஒப்புதலே ஆகாது. பேச்சுத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாய்விட்டு வாசித்து, பதிலைப் பதிவு செய்யுங்கள். படிக்க இயலாதவர் ஒப்புதல் தரும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள். பொறியியல் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் அனுமதி வாங்குவது என்பதை முதல் பருவத்திலேயே கைடிடம் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இப்படி இருக்கலாம்:

"அக்கா, நாங்க காலேஜ்லேர்ந்து வர்றோம். இந்த போன்ல கரண்ட் பில் கட்டுறது சுலபமா, கஷ்டமான்னு பாக்குறோம். சோதனை போனுக்குத்தான், உங்களுக்கு இல்ல. நடுவுல போதும்னு தோணினா நிறுத்திக்கலாம், காரணம் சொல்ல வேணாம். நீங்க பேசுறத பதிவு பண்ணிக்கலாமா?"

"பேரு போடுவீங்களா?"

"போட மாட்டோம்க்கா."

சொன்னபடி போடாமலும் இருக்க வேண்டும். சிறிய ஊர் இது. "காரைக்கால்மேட்டைச் சேர்ந்த, வலது கை இழந்த, ஐம்பது வயதுப் பெண்" என்று எழுதினால் பெயரே எழுதியது போலத்தான். ஊரையும் வயதையும் அகலமாக்கி எழுதுங்கள்.

அடுத்த சிக்கல் நம் மக்களின் நல்ல மனம். வெயிலில் வந்த பிள்ளையிடம் "நீ செஞ்சது சரியில்லப்பா" என்று சொல்ல மனம் வராது. "நல்லாருக்கு தம்பி, மோர் குடி" என்பார்கள். இது வெறும் அனுபவப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நிக்கோலா டெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேரிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி எடுப்பவர்தான் உருவாக்கியவர் என்று நம்பினால், அந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 2.5 மடங்கு கூடியது. மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டபோது அது 5 மடங்கானது. ஆகவே, செய்தது நீங்கள் என்று சொல்லாதீர்கள். முடிந்தால் வேறொரு மாணவரைப் பேசவிடுங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்பதை விட்டு, வேலை முடிந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை உதவி கேட்டார் என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போய், அவர் இன்னும் அதைப் பயன்படுத்துகிறாரா என்று பார்த்தால் அதைவிட நேர்மையான பதில் வேறில்லை.

எண்ணிக்கையும் கேள்வித்தாளும்

ஐந்து பேர் போதும் என்று யாக்கோப் நீல்சன் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான பயனர்கள் என்ற அனுமானத்தில் சொன்னது அது. பிறவியிலேயே பார்வையற்றவரும், நாற்பது வயதில் சர்க்கரை நோயால் பார்வை இழந்தவரும் ஒரே மாதிரிப் பயனர்கள் ஆக மாட்டார்கள். பெரிய எண்ணிக்கை கிடைக்காத சிறு மாவட்டத்தில், நான்கைந்து பேரைப் பல மாதங்கள் தொடர்ந்து ஆழமாகப் பார்ப்பது நாற்பது பேரிடம் ஒருநாள் படிவம் நிரப்புவதைவிட நல்லது. வைவாவில் இதைத் தயங்காமல் வாதிடலாம்.

ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கியப் பயன்பாட்டு அளவுகோலைத் தமிழாக்கி அப்படியே கேட்கும் வழக்கம் இருக்கிறது. அதில் ஒரு வாக்கியம் பாராட்டாகவும் அடுத்தது குறையாகவும் மாறி மாறி வரும். தாளில் படிப்பவருக்குச் சரி. வாயால் கேட்டுப் பதில் சொல்பவர் குறை வாக்கியத்தில் "ஆமா" என்றால் எதை ஆமோதிக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கட்டாயம் அது வேண்டுமென்றால், முதலில் இரண்டு மூன்று பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்களுடைய சொல்லில் திரும்பச் சொல்லச் சொல்லிப் பார்த்துத் திருத்துங்கள்.

சட்ட அத்தியாயம்

இதைச் சுருக்கமாக வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 42ஆம் பிரிவு. இணைய உள்ளடக்கத்துக்கான பன்னாட்டு வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு, 2023இல் வந்தது; இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802; அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்பு. இவற்றோடு ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 தீர்ப்பைச் சேருங்கள்: அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று சொன்னது அது. பட்டியலை நிரப்புவதற்குப் பதில், நீங்கள் கண்ட ஒவ்வொரு தடையையும் எந்த விதி தொடுகிறது, எந்தத் தடையை எந்த விதியும் தொடவில்லை என்று காட்டுங்கள். இரண்டாவது பகுதிதான் உங்கள் பங்களிப்பு.

வைவாவுக்குப் பின்

ஐஐடி டெல்லியில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது ஸ்மார்ட்கேன். முழங்காலுக்கு மேலே வரும் தடையை அதிர்வால் உணர்த்தும் கைத்தடி. பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணனின் குழு பார்வையற்றவர்களிடம் பல வருடம் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திருத்திய பிறகு, 2014இல்தான் அது சந்தைக்கு வந்தது. பேச்சுவராத குழந்தைகளுக்கான ஆவாஸ் என்ற கருவி, சென்னையின் வித்யா சாகர் பள்ளியோடு சேர்ந்து வளர்ந்தது. எம்டெக் மாணவருக்கு அத்தனை வருடம் கிடையாது. அதனால் முடிக்க முடியாத கருவியை விட்டுப்போவதைவிட, அடுத்த மாணவர் தொடரக்கூடிய பதிவுகளை விட்டுப்போங்கள்: மூலநிரல், பங்கேற்பாளர் அனுமதித்த குறிப்புகள், தோற்றுப்போன வடிவங்கள், அவை ஏன் தோற்றன என்ற விளக்கம். சோதனைக்குக் கொடுத்த போனையும் செயலியையும் திரும்ப வாங்கப் போகிறீர்களா, விட்டுவிடப் போகிறீர்களா என்பதை முதல் நாளே பங்கேற்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். பழகிப்போன கருவியைக் கடைசி வாரத்தில் பிடுங்குவது கொடுமை.

நீங்கள் கண்ட தடைகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, திரை எண்ணும் நடந்த நாளும் குறித்து, அந்தச் சேவையை நடத்தும் துறைக்கு அனுப்புங்கள். 2021இல் வந்த சுகம்ய பாரத் செயலியிலும் புகாரைப் பதிவு செய்யலாம். பதில் வந்ததா, எப்போது, என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னிணைப்பில் சேருங்கள். பதிவு செய்த குரல்களை ஒப்புதலில் சொன்ன தேதியில் அழித்துவிட்டு, அழித்ததைப் பங்கேற்பாளருக்குப் போன் செய்து சொல்லுங்கள். அதே அழைப்பில், துறைக்கு அனுப்பிய இரண்டு பக்க அறிக்கையையும் வாசித்துக் காட்டி, திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.